சரக்கு லிஃப்டில் ஒரு நமஸ்காரம்

கும்மிடிப்பூண்டியில் நான் கணக்கு வேலை பார்த்த கம்பெனியில் ஒரு லோடுமேன் இருந்தார். நரைத்த மீசை, இடுப்பில் அகலமான பெல்ட். கீழே எது விழுந்தாலும் கால் விரலால் கவ்வித்தான் எடுப்பார். வெள்ளிக்கிழமை பூஜையில் எல்லோரும் தலை குனியும்போது அவர் மட்டும் விறைப்பாக நிற்பார். திமிர் என்றார்கள்.

ஒருநாள் கரண்ட் போனதில் நானும் அவரும் மூட்டைகளோடு சரக்கு லிஃப்டில் மாட்டிக்கொண்டோம். இருட்டில் மூச்சு முட்டியது. நான் "நமஹ, நமஹ" என்று முணுமுணுத்தேன்.

பேசினாலாவது பயம் குறையும் என்று, எப்போதோ படித்ததைச் சொன்னேன். "நமஸ்காரம், நமாஸ் ரெண்டும் ஒரே வேருண்ணா. இந்தோ-ஐரோப்பிய மொழிங்கள்ல ரொம்பப் பழசு. வளையறது, குனியறதுன்னு அர்த்தம். குனிஞ்சாத்தான் அது கும்பிடு."

"இன்னா சார் பேசுற?" என்று சீறினார். "நாள் பூரா மூட்டைக்குக் குனிஞ்சிக்கினுதான கீறேன்? அதுக்குக் கூலி குடுக்குறான். சாமி முன்னாடியாவது நிமுந்து நிக்கிறேன், உடு சார்."

கரண்ட் வந்தது. கதவு திறந்ததும் நான் வெளியே பாய்ந்தேன். "இன்னாய்யா நிக்கிற? சீக்கிரம் எறக்கு!" என்று சூப்பர்வைசர் அவரைப் பார்த்துக் கத்தினார். மூட்டையைக் கால் விரலால் எடுக்க முடியாதே. பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, அந்த லிஃப்டுக்குள்ளேயே அவர் குனிந்தார்.

இப்போதும் "நமஹ" என்று வாயெடுத்தால் என் கண் முன்னால் வருவது அந்த முதுகுதான்.