பாடகனுக்கு எத்தனையாவது இடம்?

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என்னைப் பற்றிப் பேசியது கொஞ்சம்தான். மீதி நேரமெல்லாம் ஒரு ராப் பாடகனைப் பற்றியே பேசினார்கள். தமிழில் ராப் பாடியவர்களில் அவனை எந்த இடத்தில் வைப்பது என்று சண்டை. நான் காபித் தட்டோடு நின்றேன்.

சங்கராபுரத்தில் என் அண்ணனுக்கு செல்போன் ரிப்பேர் கடை. அப்பா இல்லை. வீடு அண்ணியின் கையில். நான் கள்ளக்குறிச்சி ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி புடவை விரித்துக் காட்டிவிட்டு வந்தால், சோற்றுப் பானையைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பாள். "கடையிலயே துன்னுட்டு வந்திருப்பன்னு நெனச்சேன்" என்பாள், கொஞ்சமும் கூசாமல். அம்மா வாயைத் திறக்க மாட்டாள். இந்த இடம் அமைந்தால் அந்த வீட்டைவிட்டுப் போகலாம். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். காதலாவது கத்திரிக்காயாவது.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் காபி குடிக்கலாம், பஜ்ஜி தின்னலாம், அதெல்லாம் கணக்கில் வராது. சோறு சாப்பிட்டால்தான் கை நனைத்துவிட்டார்கள் என்று பேச்சு. கை நனைத்தால் சம்மதம், அப்புறம் மாற்றிப் பேசக் கூடாது. அதனால் ஒவ்வொரு தடவையும் அம்மா சாம்பார் வைத்து, வடை சுட்டு, கூடத்தில் இலையும் போட்டுக் காத்திருப்பாள். வந்தவர்கள் இலையைப் பார்க்காத மாதிரி கிளம்பிப் போவார்கள். அந்தச் சாம்பாரை மறுநாள் வரைக்கும் நாங்களே தின்போம்.

இந்த மாப்பிள்ளை உளுந்தூர்பேட்டைக்காரர். சொந்தமாக மினி லாரி வைத்திருந்தார். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றி ஜவ்வரிசி ஆலைக்கு ஓட்டுகிறவர். அண்ணன் சும்மா இருக்காமல், வண்டியில் என்ன பாட்டு கேட்பீர்கள் என்று ஆரம்பித்து, தன் பாடகன் பேரைச் சொல்லி, "அவந்தான் நம்பர் ஒன்னு" என்றான்.

"நம்பர் ஒன்னா? மொத அஞ்சுலயே வர மாட்டான்" என்றார் மாப்பிள்ளை.

அண்ணனுக்கு சாமி வந்துவிட்டது.

"இன்னா மாப்ள இப்டி சொல்லிட்டீங்க! அவன் பாட்டு போடாத கல்யாணம் இருக்கா? கூல்டிரிங்ஸ் விளம்பரத்துல கூட அவன்தான்."

"அதத்தான் சொல்றேன். காசு ஜாஸ்தி, சரக்கு கம்மி. மொதல்ல கூலி வேலைய பத்தி பாடினான் பாருங்க, அது பாட்டு. சினிமாவுக்குப் போனப்பறம் பொண்ணுங்க இடுப்பத்தான் பாடிக்கினு இருக்கான்."

"பாட்டு வித்தா தப்பா? அவனாலதான் நம்ம பசங்களுக்கு ராப்புன்னா இன்னான்னே தெரிஞ்சிச்சி. ரோடு போட்டவனுக்குத்தான் மொத எடம்."

"ரோடு போட்டவங்க வேற ஆளுங்க. இவன் அதுல டோல்கேட் வெச்சவன்."

இந்தப் பக்கம் மாப்பிள்ளையின் அம்மா என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "போட்டோல வேற மாதிரி இருந்திச்சி. நெறம் கம்மி. வயசும் ஜாஸ்தியாட்டம் தெரியுது" என்று தன் தங்கச்சியிடம் சொன்னாள். குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. அந்தப் பாடகனுக்கு வக்காலத்து வாங்க என் அண்ணன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். எனக்கு ஒருத்தரும் இல்லை.

"வூட்டுக்குப் போயி கலந்து பேசிட்டு சொல்லி அனுப்புறோம்" என்று அவள் எழுந்தாள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் வாதத்தில் விட்டுக்கொடுக்க மனமில்லாத அண்ணன் "குந்துங்க மாப்ள, குந்திக்கினே பேசலாம்" என்று அவரை இழுத்து இலை முன்னால் உட்கார வைத்திருந்தான். அம்மா அவசரமாகச் சோறு வைத்துவிட்டாள். மாப்பிள்ளையின் அம்மா அவருக்குக் கண்ணைக் காட்டினாள், வேண்டாம் என்று. அவரோ என் அண்ணன் முகத்தைப் பார்த்து, பாடகர்களை எண்ணி விரல் மடக்கிக்கொண்டிருந்தார். நான் பார்த்தேன். சாம்பார் வாளி என் கையில் இருந்தது. ஊற்றினேன்.

"மூணாவது எடம் யாருக்குன்னா..." என்று பிசைந்துகொண்டே ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"டேய்!" என்று அலறினாள் அவர் அம்மா.

வாய் நிறையச் சோற்றோடு திரும்பினார். என் அம்மா "கை நனச்சிட்டாருங்க!" என்று அழுதேவிட்டாள். மாப்பிள்ளையின் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "துன்னுட்டான். வாந்தியா எடுக்கச் சொல்ல முடியும்?" என்றாள். கல்யாணம் நடந்தது.

அதிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் அவர் இந்தக் கதையைச் சொல்வார். "பேச்சு சுவாரஸ்யத்துல ஒரு வாய் சோறு துன்னேன். மாட்டிக்கினேன்." எல்லாரும் சிரிப்பார்கள். மாமியார் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள். நான் அவர்களுக்கு டீ கொடுப்பேன்.

போன மாதம் அந்தப் பாடகன் இனிமேல் பாட மாட்டேன் என்று வீடியோ போட்டான். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தான். கறிக்குழம்பு. சாப்பிடும்போது பழைய சண்டை. ஆனால் இவர் இந்தத் தடவை இளகிப்போயிருந்தார். "நிறுத்திட்டான்னு கேட்டதும் மனசு ஒரு மாதிரி ஆயிடிச்சி மச்சான். நாலாவது எடம் குடுக்கலாம்." அண்ணனுக்கு வாயெல்லாம் பல்.

எனக்கு என்ன கேடோ, கேட்டுவிட்டேன். "என்னை எந்த எடத்துல வெப்பீங்க?"

அவர் எலும்பைக் கடித்துக்கொண்டே சொன்னார். "உன்ன நான் எங்க எடுத்தேன்? சோத்தத்தான எடுத்தேன்."

அண்ணனுக்குச் சிரிப்பில் புரையேறியது. அவன் சிரித்து முடிக்கும்வரை நின்றேன்.

"அன்னிக்கு உங்கம்மா வேணான்னு கண்ணக் காட்டிச்சி. நான் பாத்தேன். பாத்துட்டுதான் சாம்பார ஊத்துனேன்."

அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "இன்னாடி சொல்ற?"

அதுவரை நீங்க என்றே பேசிய வாய்க்கு அன்றைக்கு மரியாதை வரவில்லை. "இதோ குந்திக்கினு இருக்கானே, இவன் பொண்டாட்டி எனக்குச் சோறு போடல. அந்த வூட்ட வுட்டுப் போவணும். உன் எடத்துல ஒரு கழுத குந்தியிருந்தாலும் ஊத்தியிருப்பேன்."

அண்ணன் எழுந்து கொல்லைப் பக்கம் போனான். நான் கரண்டி நிறையக் குழம்பு எடுத்து அவர் தட்டுக்கு மேலே நீட்டினேன்.

"ஊத்தட்டுமா?"

தட்டின்மேல் இரண்டு கையையும் விரித்து மூடிக்கொண்டார்.