அடுப்பு மாஸ்டரும் அக்காவின் களிம்பும்

பேக்கரியில் பன்களைப் பையில் போட்டுக் கட்டுவதுதான் அக்காவின் வேலை. மாவுத்தூள் பட்டுப் பட்டு விரலிடுக்குகள் சிவந்து, அரித்து, வெடித்துவிடும். அதற்காகத்தான் களிம்பு காய்ச்சத் தொடங்கினார். தேங்காய் எண்ணெயில் வேப்பிலையையும் குப்பைமேனியையும் போட்டுச் சுண்டவிட்டு, வடிகட்டி, தேன்மெழுகு சேர்ப்பார். முதல் தடவை மெழுகு கூடிப்போய், திரி போட்டால் எரியும் பதத்தில் இறுகியது. இரண்டாவது, டப்பாவைத் திறந்ததும் மடியில் ஓடியது. மூன்றாவதுதான் சொன்ன பேச்சைக் கேட்டது.

அன்று முதல் யார் சொறிந்தாலும் அக்காவின் கைப்பை திறந்துகொள்ளும். வேர்க்குரு, செருப்புக்கடி எதுவும் தப்பாது. கணவர் தும்மினால்கூட மூக்கில் தடவிவிடுவாரோ என்று வீட்டில் பயம்.

அடுப்பு மாஸ்டர் மட்டும் மசியவில்லை.

"என்னக்கா, டப்பாவுல பச்சை பெயிண்டா? கதவுக்கு அடிக்கலாமா?"

"உன் வாய்க்கு அடிக்கலாம்" என்பார் அக்கா.

ஒருநாள் சூடான தட்டு சரிந்து மாஸ்டரின் முன்கை வெந்துவிட்டது. குழாயடியில் கையை நீட்டி நின்றவர், கொப்புளங்களைப் பார்த்ததும் குழந்தையாகிவிட்டார்.

"அக்கா, உங்க களிம்பைக் குடுங்க."

"முடியாது."

"அன்னைக்குச் சொன்னதெல்லாம் விளையாட்டுக்கா!"

"கோபமெல்லாம் இல்லப்பா. இது என் டப்பாவுக்கு அடங்காது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம், வா."

"அங்க ஊசி போடுவாங்கக்கா!"

குட்டு வெளிப்பட்டது. ஆறடி மனிதர் ஊசிக்குப் பயந்து பத்து வருடமாக ஆஸ்பத்திரித் தெருவிலேயே நடப்பதில்லையாம். அக்கா சட்டைக் காலரைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினார். மாஸ்டர் போட்ட சத்தத்தில், காத்திருந்த நோயாளிகள் நாலு பேர் எழுந்து வீட்டுக்கே போய்விட்டதாக அக்கா பிறகு எல்லோரிடமும் சொன்னார். உண்மையில் போனவர் ஒருவர்தான்.

மூன்று வாரத்தில் புண் ஆறியது. புதுத்தோல் வறண்டு அரித்தது. அக்கா மாஸ்டரையும் கூட்டிக்கொண்டு, டப்பாவோடு டாக்டர் முன்னால் போய் நின்றார். டாக்டர் கையைப் பார்த்தார், டப்பாவை மோந்து பார்த்தார். "புண் நல்லா மூடிடுச்சு. கொஞ்சமா தடவிப் பாருங்க, எரிஞ்சா நிறுத்திடுங்க."

அக்காவுக்கு அது போதும். "டாக்டரே எழுதிக் குடுத்துட்டார்!" என்று மறுநாள் பேக்கரியில் அறிவித்துவிட்டு, மாஸ்டரின் கையை இழுத்துப் பிடித்தார்.

டாக்டர் எதையும் எழுதவில்லையே என்று சொல்லத்தான் மாஸ்டர் வாயெடுத்தார். களிம்பு குளுகுளுவென்று பட்டது. கையை இன்னும் கொஞ்சம் நீட்டினார்.