தாடிக்கு இரண்டு மனு

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் தை மாதத்தில் பிறந்தவள் நான். எனக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகளும் ஒரு வயதைத் தாண்டவில்லை. அம்மா பாக்கியலட்சுமி பயந்துபோய், செங் ஊர் சன்னாசிமலை ஆண்டவரிடம் வேண்டிக்கொண்டாள். இவள் ஒரு வயதைக் கண்டால், அதையடுத்து வருகிற மாசி மகத்தில் தகப்பனும் மகளும் மொட்டை போடுவார்கள். அதுவரை தகப்பன் தாடி வளர்ப்பார். தகப்பனை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்பா சுப்பையன் கடற்படையில் விளக்கடித்துச் செய்தி அனுப்புகிறவர். அங்கே தாடி கேப்டனின் சொத்து. வளர்க்க ஒரு மனு, எடுக்க இன்னொரு மனு. முதல் மனுவுக்கு உடனே உத்தரவு கிடைத்துவிட்டது.

அந்த வருஷம் எனக்கு எங்கே நினைவிருக்கப் போகிறது? ஆனாலும் கனவில் வரும். கப்பல் மலாக்காவைக் கடக்கும் சாயங்காலம் எதுவென்று அப்பா முன்கூட்டியே கடிதம் போட்டுவிடுவார். அதெல்லாம் ரகசியம் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை போலும்! அம்மா எங்கள் வீடு இருந்த காஜா பேராங்கிலிருந்து என்னைத் தூக்கிக்கொண்டு உஜோங் பாசிர் கரைக்குப் போவாள். வெளிறிய கடலில் வெளிச்சம் மூன்று முறை மினுங்கும். பிள்ளை நன்றாக இருக்கிறது என்றால் அம்மா அரிக்கேன் விளக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். அதைத் தொலைநோக்கியில் பார்க்கும்வரை அப்பாவுக்குச் சோறு இறங்காது.

எனக்கு ஒரு வயது ஆனது. மாசி மகமும் வந்தது. மறுநாள் சிங்கப்பூரில் அப்பாவுக்கு அதிகாரித் தேர்வு. இரண்டாவது மனுவுக்கோ பதிலே வரவில்லை.

செங் கோயிலில் வெள்ளி ரதத்தைச் சுற்றி ஒரே கூட்டம். நாவிதர் கத்தியைத் தீட்டியபோது அம்மாவே தயங்கினாள்.

"அடுத்த வருசம் குடுத்துக்கலாங்க. ஆபீசராயிட்டு வந்து மொட்டை போடுங்க. சாமி எங்க போயிறப் போவுது?"

"வருசம் பூரா அந்த வெளக்கப் பாத்துட்டுத்தானே சோறு தின்னேன், பாக்கியம். பேசாம புள்ளைய மடியில வையிலா."

இரண்டு தலையிலும் சந்தனம் பூசினார்கள். அந்தக் குளிர்ச்சி இப்போதும் எனக்குத் தெரிவதுபோல் இருக்கிறது.

மறுநாள் தேர்வறையில் இருந்த அதிகாரி, அடையாள அட்டையில் இருந்த அடர்ந்த தாடியையும் எதிரே நின்ற மொட்டைத் தலையையும் மாறி மாறிப் பார்த்தார். யார் நீ என்று கேட்டார்.

"சுப்பையன், சார். என் மகளுக்கு ஒரு வயசாயிருச்சி."

உத்தரவுக்குக் காத்திருக்கத் தெரியாதவர் என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி கூப்பிட இரண்டு வருஷம் ஆனது. அதற்குள் இளையவர்கள் முந்திக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் பின்னாளில் கேப்டன் ஆனார். அப்பா அதற்கு ஒரு படி கீழே, கமாண்டர் பதவியோடு நின்றுவிட்டார். மாசி மகம் வந்தால் அம்மா இதைச் சொல்லி மூக்கைச் சிந்துவாள். எனக்கும் உறுத்தும். அப்பா மட்டும் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருப்பார்.

ஓய்வுக்கு முந்தைய அவருடைய கடைசிப் பயணத்தின்போது நாங்கள் மறுபடி உஜோங் பாசிருக்குப் போனோம். தூரத்தில் கப்பல் கனவுபோல நகர்ந்தது. மூன்று முறை வெளிச்சம் மினுங்கியது. விளக்கடிக்க ஆளிருந்தும் கமாண்டரே அடித்திருக்கிறார்! நான் அரிக்கேன் விளக்கைத் தூக்கினேன்.

"இன்னும் மேல தூக்குடி," என்றாள் அம்மா. "அப்பா சாப்பிடணும்ல."