கஞ்சா தின்ற ஆடும் கடைசி பஸ்ஸும்

அந்தப் படத்தை நான் வேண்டுமென்று பார்க்கவில்லை. போனுக்கு ரீசார்ஜ் செய்தபோது கூடவே இலவசமாக வந்த ஆப்பில் பக்திப் படம் ஏதாவது அகப்படுமா என்று தேய்த்துக்கொண்டிருந்தேன். விரல் எங்கோ பட்டு, இரண்டு தடிமாடுகள் மொட்டைமாடியில் உட்கார்ந்து கஞ்சா இழுக்கிற படம் ஓட ஆரம்பித்தது. சீ, கருமம் என்று நிறுத்தப் போனேன். வெளியே விடாத மழை. மலையில் நாகலூருக்கு மேலே இருக்கும் எங்கள் காப்பி எஸ்டேட் குவார்ட்டர்ஸில் சமையலறை ஜன்னலில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே அரிசி டப்பாவில் சாய்த்துவைத்த போனை விட்டால் எனக்குப் பேச்சுத்துணை கிடையாது. மனைவி போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. ஓடித் தொலையட்டும், மனுஷக் குரலாவது கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கதை என்று ஒரு மண்ணும் இல்லை. கோயிலுக்கு நேர்ந்துவிட்ட ஆட்டை வீட்டு ஓனர் அந்த இரண்டு பேரிடமும் கொடுத்து, தன் சொந்த ஊரில் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்கிறார். ஆடு அவர்களுடைய கஞ்சாப் பொட்டலத்தைத் தின்றுவிடுகிறது. தின்றுவிட்டு நடுரோட்டில், சிக்னல் விளக்கைப் பார்த்தபடி சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்துகொள்கிறது. விளக்கு பச்சையாகிறது, மறுபடி சிவப்பாகிறது, ஆடு அசைகிற வழியாக இல்லை. பின்னால் நிற்கும் லாரிக்காரன் இறங்கிவந்து ஆட்டிடம் நியாயம் கேட்கிறான். ஐயோ சாமி! அப்படிச் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று! அந்தச் சமையலறையில் என் சிரிப்பே எனக்கு யாரோ சிரிக்கிற மாதிரி இருந்தது.

வசனத்தில் பாதி கக்கூஸ் சமாச்சாரம். காது கூசுகிறது. ஆனால் அந்த இரண்டு பேரும் ஒருவனை ஒருவன் விடுவதே இல்லை. ஒருவன் கக்கூசுக்குப் போனால் மற்றவன் கதவுக்கு வெளியே நின்று, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்கிறான். ஒரே ஒரு முட்டை பப்ஸைப் பிய்த்து, பெரிய பாதி யாருக்கு என்று அடித்துக்கொண்டு, கடைசியில் அதை ஆட்டுக்கு ஊட்டிவிடுகிறார்கள். பார்க்கப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது. ஆமாம், பொறாமைதான். எஸ்டேட்டில் கணக்கு எழுதியே தலை நரைத்த ரைட்டருக்கு இரண்டு கஞ்சாக்குடிக்கிகள் மேல் பொறாமை.

எனக்கும் ஒருவர் இருந்தார். எங்கள் எஸ்டேட் லாரி டிரைவர். அவர் என்னை ரைட்டரே என்பார், நான் அவரை டிரைவரே என்பேன். ஞாயிற்றுக்கிழமை லாரிக்கு லீவு. பஸ் பிடித்து சேலத்துக்குப் படம் பார்க்க இறங்குவோம். படம் முடிவதற்குள் மலைக்குக் கடைசி பஸ் கிளம்பிவிடும். அதனால் வில்லன் கதாநாயகியைக் கட்டிப்போட்டதுமே நாங்கள் எழுந்துவிட வேண்டும். மலைக்காரர்கள் எல்லாருக்கும் இதே கதிதான். இருட்டில் அடுத்தவர் காலை மிதித்து, வசவு வாங்கிக்கொண்டு ஒரு கும்பலே வெளியே ஓடும். முடிவை நாங்கள் பஸ்ஸில் கட்டிக்கொள்வோம். கொண்டை ஊசி வளைவுகளில் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தபடி, வில்லனைக் கொல்வதா மன்னிப்பதா என்று எனக்கும் அவருக்கும் சண்டை நடக்கும். மறுநாள் காப்பி பறிக்கிற பெண்கள் கதை கேட்பார்கள். நாங்கள் கட்டிய முடிவைத்தான் சொல்வோம். பிறகு அதே படம் டீவியில் வந்தபோது ஒரே கலவரம். "ஏனுங்க ரைட்டரே, டீவில முடிவ மாத்திப் போட்டுட்டானுங்க!" என்று என்னிடமே வந்து முறையிட்டார்கள்.

டிரைவர் இப்போது பெங்களூரில், மகன் வீட்டில், ஏதோ ஒரு மாடியில் இருக்கிறார். போன புதிதில் தினமும் பேசினோம். அப்புறம் "மழைங்களா?" "மழைங்க." "சாப்டாச்சுங்களா?" "ஆச்சுங்க." அதற்குமேல் இரண்டு பேரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருப்போம். சில மாதங்களாக அதுவும் நின்றுபோனது. எங்களுக்குள் பேச்சே தீர்ந்துவிட்டதோ என்று எனக்குப் பயம். தீர்ந்துவிட்டது என்றால் எனக்கு வேறு ஆள் கிடையாது.

படத்தில் ஒருவனையும் ஆட்டையும் போலீஸ் ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். மற்றவன் அவர்களைத் தேடிக்கொண்டு தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டான். அந்த இடத்தில் சட்டென்று நிறுத்தினேன். நாங்கள் எழுந்துபோகிற இடம் அதுதான். உடனே டிரைவரைக் கூப்பிட்டேன். படத்தின் பேரைச் சொல்லி, ஆட்டிலிருந்து பஸ் வரைக்கும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன்.

"இப்பச் சொல்லுங்க டிரைவரே, மிச்சம் என்ன ஆவும்?"

"மிச்சமும் போன்லயே இருக்குமுங்களே ரைட்டரே, பாத்துருங்க. பேரன டியூசனுக்குக் கூட்டிட்டுப் போவோணும்" என்றார். வைத்துவிட்டார்.

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்தே வந்தன. போய்யா, பெரிய பேரன், பெரிய டியூசன்! வீம்புக்கு உட்கார்ந்து மீதியைப் பார்த்தேன். போலீஸ் விட்டுவிடுகிறது. ஆடு கோயிலுக்குப் போய்ச் சேர்கிறது. ஒருவனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துவிடுகிறது. மற்றவன் அவனை வழியனுப்பிவிட்டு மொட்டைமாடிக்கு வந்து தனியாக உட்கார்கிறான். அவ்வளவுதான், பெயர்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. அத்தனை கூத்தும் அடித்த படத்துக்கு எதற்கையா இந்த வேலை? போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் டிரைவர் கூப்பிட்டார்.

"ஏனுங்க ரைட்டரே, நானும் பாத்தனுங்க. நீங்க சொன்ன எடத்துலயே நிறுத்திட்டேன். நேத்து போன வெச்சதுல இருந்து அதே ரோசனைங்க. மிச்சத்தச் சொல்லட்டுங்களா?"

"சொல்லுங்க" என்றேன்.

"ஜீப்பு ஓட்டறவன் டீ குடிக்க எறங்கறானுங்க. சாவி வண்டிலயே இருக்குது. ஆடு முன்சீட்டுக்குத் தாவி வண்டிய எடுத்துருதுங்க. அந்தத் தப்பான பஸ்ஸ மறிச்சு, அதுல இருந்தவனயும் ஏத்திக்குது. நேரா சேலம் வந்து மலை ஏறுது. வளைவுல எல்லாம் செகண்ட் கியரு, ஆரன் அடிக்குது, எதுக்க வர்ற பஸ்ஸுக்கு ஒதுங்கி எடம் உடுது. நொம்ப அறிவான ஆடுங்க!"

நான் சிரித்த சிரிப்பில் அவரும் சிரித்துவிட்டார். இரண்டு பேருக்கும் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"அப்பறமுங்க?"

"அப்பறம் என்னங்க? எல்லாரும் மேல வந்துர்றாங்க. நாகலூர்ல எறங்கி டீ குடிக்கறாங்க. ஒருத்தரும் திரும்பிப் போறதில்லீங்க." பிறகு அவரே கேட்டார். "நெசத்துல என்னங்க ஆவுது? நீங்க பாத்துட்டீங்களா?"

"இல்லீங்க டிரைவரே, பாக்கல" என்றேன். "நீங்களும் பாக்காதீங்க."