வெட்டு இடம் மாறிய வருஷம்

எங்கள் ஊரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போகிற ரோட்டில் ஓர் இடத்துக்கு 'வெட்டு' என்று பேர். ரோட்டுக்கு ஒரு பக்கம் கழுவெளி என்கிற சதுப்பு ஏரி, மறு பக்கம் உப்பளம். ஐப்பசி மழையில் கழுவெளி நிறைந்தால் தண்ணீர் உப்பளத்தைக் கடந்து முகத்துவாரத்துக்குப் போகப் பார்க்கும். ரோடு அதற்குக் கரை மாதிரி குறுக்கே கிடக்கும். விட்டால் தண்ணீர் ஊருக்குள் ஏறிவிடும். அதனால் வருஷா வருஷம் அந்த ஒரே இடத்தில் ரோட்டை வெட்டிவிடுவது வழக்கம்.

என் சின்ன வயதில் ஆண்கள் மம்முட்டியோடு போய், சூடம் கொளுத்திவிட்டு வெட்டுவார்கள். பிறகு பொக்லைன் வந்தது, சூடம் நின்றது. தண்ணீர் வடிந்ததும் சிமெண்ட் குழாய் போட்டு, மேலே செங்கல் கட்டியும் உப்பளக் களிமண்ணும் கொட்டி மூடுவார்கள். கொட்டியது தை பிறப்பதற்குள் அமுங்கிவிடும். ஆகவே சித்திரை வெயிலிலும் அங்கே ஒரு பள்ளம் இருக்கும். வண்டி அங்கே இறங்கி ஏறுவது எங்கள் எல்லோருடைய முதுகுக்கும் தெரியும்.

நான் தேதிகளைக் குறித்து வைக்கிற ஆள். எந்த வருஷம் எந்தக் கிழமை வெட்டினார்கள் என்று கேட்டால் சொல்லிவிடுவேன். எங்கள் ஊரில் அதை யாரும் கேட்டதில்லை என்பது வேறு விஷயம். எல்லோருக்கும் வேண்டியது இடம் மட்டும்தான். இடம் மாறாது என்று எல்லோரும் இருந்தோம்.

என் தங்கை கணவர் இந்த ரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டினார். மழைக் காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது. பாத்தியில் உப்பு வாருகிற பெண்கள் அந்த மாதங்களில் கோட்டக்குப்பத்தில் வளைகுடாக் காசில் எழுந்த பெரிய வீடுகளுக்கு வேலைக்குப் போவார்கள். காலையில் அவர்களை பஸ் ஸ்டாப்பில் விடுவது இவர்தான். ரோட்டில் தண்ணீர் நின்றால் வெட்டுக்கு முன்னால் ஆட்டோவை நிறுத்துவார். மூத்த பெண் ஒருத்தி, எப்போதும் அதே பெண், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு குச்சியோடு இறங்கி, வெட்டிவிட்டார்களா என்று ரோட்டைக் குத்திப் பார்த்தபடி முன்னே நடப்பாள். ஆட்டோ அவள் பின்னால் மெல்ல வரும்.

"ஏங்கா, ரோட்டப் பாக்குறியா, எறா தேடுறியா?" என்பார் இவர்.

"நீ ஓட்டுற ஓட்டுக்கு எறா எங்கப்பா இருக்கும். எல்லாம் எக்கியார்குப்பம் போய்ச் சேந்திருக்கும்."

அக்கரையில் ஏறி உட்கார்ந்து குச்சியைக் காலடியில் போட்டுவிட்டு, "தாண்டியாச்சு" என்பாள். அதற்காகக் காத்திருந்த மாதிரி இவர் ஆக்ஸிலேட்டரைத் திருகுவார். அது ஒரு சடங்கு மாதிரி ஆகிப்போயிருந்தது. நானும் அந்த ஆட்டோவில் பலமுறை போயிருக்கிறேன். அந்தச் சொல் காதில் விழுந்தால்தான் பிடித்திருந்த கம்பியை விடுவேன்.

வெட்டில் ஒரு சின்னப் பாலம் கேட்டு மனு கொடுத்தவர்களில் நானும் ஒருவன். ரோட்டின் ஒரு பக்கம் பாதுகாக்கப்பட்ட சதுப்பு நிலம், அனுமதி இல்லாமல் ஒரு கம்பி கூட நட முடியாது என்று பதில் வந்தது. பதிலில் குற்றம் சொல்ல முடியாது. பறவைகள் வருகிற இடம்தான், காக்க வேண்டியதுதான். ஆனால் மறு பக்கத்தில், அதே தண்ணீர் வெளியேறுகிற வாய்க்கால் மேல், லாரி லாரியாகச் செம்மண் கொட்டி மனை போட்டபோது யாருக்கும் எந்த அனுமதியும் தடையாக இல்லை. பழைய நில அளவை வரைபடத்தில் ஓடை என்று இருக்கிற இடம் மனை போட்டவர்களுடைய வரைபடத்தில் பூங்கா. வீட்டு மாடியிலிருந்தே பறவைகளைப் பார்க்கலாம் என்று விளம்பரம் போட்டார்கள். அப்படி எழுந்த குடியிருப்பு நகரின் கேட் வெட்டுக்கு நேர் எதிரே வந்தது.

அங்கே குடிவந்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஓய்வுப் பணத்தைப் போட்டு வீடு வாங்கியவர்கள் அவர்கள். வெட்டை வெட்டினால் தண்ணீர் நேராக அவர்கள் வீட்டுக் கூடத்துக்குள் போகும். யாராக இருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்லுவார்கள்.

சொன்னார்கள். ஐப்பசி கடைசி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கழுவெளி ரோட்டைத் தொட்டபோது, பொக்லைன் வந்து வேறு இடத்தில் வெட்டியது. கேட்டைத் தாண்டி, ரோடு வளைகிற இடத்துக்கு அப்புறம். எச்சரிக்கைப் பலகையைக் கொண்டுவந்த ஆட்கள் அதை எப்போதும் நடுகிற இடத்திலேயே நட்டார்கள். பலகையின் காலைச் சொருகுகிற சிமெண்ட் குழி பழைய வெட்டருகே இருந்ததால், அங்கே நட்டால்தான் நிற்கும்.

திங்கட்கிழமை காலை ரோட்டின் மேல் முழங்காலுக்குக் கீழே தண்ணீர். நான் அன்றைக்கு ஆட்டோவில் இல்லை. ஆட்டோவில் இருந்த பெண்கள் ஒவ்வொருவரும் எனக்குத் தனித்தனியாகச் சொன்னார்கள், ஒரே மாதிரி சொன்னார்கள். பலகையைப் பார்த்ததும் இவர் ஆட்டோவை நிறுத்தினார். வெட்டிவிட்டார்கள், திரும்பிப் போகலாம் என்றார். அந்தப் பெண் குச்சியோடு இறங்கினாள். வெட்டு இருக்க வேண்டிய இடம் முழுவதையும் குத்திப் பார்த்தாள். பழைய பள்ளம்தான், அடி எங்கும் கெட்டியாக இருந்தது. இன்னும் வெட்டவில்லை, பலகை மட்டும் முன்னாலேயே வந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். அரசாங்கம் ஒரு தடவையாவது முன்கூட்டி வந்திருக்கிறது என்று ஒருத்தி சொல்ல, சிரித்திருக்கிறார்கள். அவள் ஏறி உட்கார்ந்தாள்.

"தாண்டியாச்சு."

வளைவுக்கு அப்புறம் ஆட்டோ தலைகீழாகப் புதிய வெட்டில் விழுந்தது. மற்றவர்களை இழுத்துக் கரை ஏற்றினார்கள். அவள் ஆட்டோவுக்கு அடியில் இருந்தாள்.

வெளியூர்க் கார் ஒன்று அன்றைக்கு அதே வழியாக வந்திருக்கிறது. ரோடு தெரியாதவர்கள் என்பதால் முழுத் தூரமும் ஊர்ந்து வந்து, வெட்டுக்கு முன்னால் தண்ணீர் இழுப்பதைப் பார்த்து நின்றுவிட்டார்கள். ரோடு தெரிந்தவர்கள் விழுந்தார்கள்.

நான் சாலைத் துறை அலுவலகத்துக்குப் போனேன். பொறியாளர் மரியாதையாக உட்காரச் சொன்னார். வெட்டு ஓர் இடத்திலும் பலகை வேறோர் இடத்திலும் இருந்ததை விளக்கினேன். முழுக்கக் கேட்டார்.

"பலகை இருந்துச்சா இல்லிங்களா?"

"இருந்துச்சு. ஆனா..."

"பலகையத் தாண்டிப் போனாரா இல்லியா?"

"நிறுத்திப் பாத்துட்டுத்தான் போனாரு."

"போனாருல்ல. அவ்ளோதாங்க."

நகர்க் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் தன் போனையே எடுத்துக் காட்டினார். கேட்டைத் தாண்டி ரோடு வெட்டப்படுகிறது, யாரும் வண்டி எடுக்க வேண்டாம் என்று அவர்களுடைய வாட்ஸப் குரூப்பில் ஞாயிற்றுக்கிழமையே செய்தி போயிருந்தது. தங்கள் பக்கம் தவறு இல்லை என்று காட்டத்தான் காட்டினார். ஊருக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "உங்க ஊர்க்காரங்க யாரும் குரூப்ல இல்லியே சார்" என்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

போலீஸ் அறிக்கையில், எச்சரிக்கைப் பலகையைப் பொருட்படுத்தாமல் வாகனத்தை ஓட்டி ஒரு பெண்ணின் சாவுக்குக் காரணமானார் என்று எழுதியிருந்தது. லைசென்ஸ் போனதைப் பற்றியோ ஜெயிலைப் பற்றியோ என் தங்கை கணவர் என்னிடம் பேசவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்.

"நின்னேன், எறங்கிப் பாத்தோம்னு ஒரு வரி எழுதச் சொல்லு மச்சான். அந்தக்கா குச்சி வெச்சிப் பாத்துச்சின்னு எழுதச் சொல்லு. எழுதிட்டு அப்பறம் என்ன வேணா பண்ணட்டும்."

எழுதவில்லை. சாட்சி சொல்ல அந்தப் பெண்கள் வந்தார்கள். வாய்தா வாய்தாவாக ஒத்திப்போனதில், வேலைக்குப் போன வீடுகளில் வேறு ஆள் வைத்துக்கொண்டார்கள். இறந்தவளின் கணவர் உப்பளத்தில் வேலை பார்க்கிறவர். ஒருநாள் கோர்ட்டு வாசலில் என் தங்கை கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் போனது போய்விட்டது, மற்ற பொம்பளைகள் பிழைப்பு போக வேண்டாம் என்றார். குற்றத்தை ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு சீக்கிரம் முடியும் என்று வக்கீலும் சொன்னார். இவர் ஒப்புக்கொண்டார். இப்போது கோர்ட்டுக் காகிதத்தில் அவர் பலகையைப் பொருட்படுத்தாதவர். வேறு எந்தக் காகிதத்திலும் அந்தக் குச்சி கிடையாது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆட்டோ போன பிறகு வேலை தேடினார். கிடைத்தது அந்த நகரின் கேட்டில் வாட்ச்மேன் வேலை. என் தங்கை அழுதாள். இவர் போய் வேலையில் சேர்ந்துவிட்டார்.

அடுத்த ஐப்பசியில் மறுபடியும் புதிய இடத்தில் வெட்டினார்கள். பலகை மறுபடியும் பழைய குழியில் ஏறியது. அதை மாற்றக் கேட்டு நான் முன்னாலேயே எழுதியிருந்தேன். பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்திருந்தது. கேட்டில் உட்கார்ந்திருக்கிறவருக்குப் பலகை நேர் எதிரே தெரியும். பைக்கில் வருகிறவர்கள் அங்கே நிறுத்துவதும், பின்னால் இருப்பவர் இறங்கிக் குடையால் குத்திப் பார்ப்பதும், கெட்டியாக இருக்கிறது என்று ஏறி உட்கார்ந்து வேகம் எடுப்பதும் தெரியும். முதல் நாள் விசில் அடித்துக் கத்தி நிறுத்தினார். விசில் கேட்டுக்கு வருகிற வண்டிக்கு மட்டும்தான் என்று சங்கத்தில் சொன்னார்கள். உள்ளே இருப்பவர்களுக்குத் தொந்தரவாக இருந்திருக்கிறது.

மறுநாள் மழையில் நான் அந்தப் பக்கம் போனபோது கேட்டில் ஆள் இல்லை. வளைவுக்கு அப்புறம், வெட்டின் விளிம்பில், நீல யூனிஃபார்மோடு நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு குச்சி. வருகிற வண்டிகளை அதைக் காட்டித் திருப்பி அனுப்பினார். பின்னால் நகருக்குள்ளிருந்து ஒரு கார், கேட்டைத் திறக்கச் சொல்லி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை.

அந்த மாதக் கடைசியில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள். செயலாளர் என்னைக் கடைத்தெருவில் பார்த்தபோது அவரே நிறுத்திச் சொன்னார்.

"நல்ல மனுஷன்தான் சார். ஆனா கேட்ல நிக்க மாட்டேன்றாரு."