மணிக்கட்டில் நூற்று அறுபத்தெட்டு

என் வேலை தராசுகளைச் சோதிப்பது. சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா நகைக்கடைகளில் தொடங்கி புக்கிட் மேரா ஈரச்சந்தையின் மீன் கடைகள் வரை, ஒரு பெட்டியில் எடைக்கற்களோடு போவேன். கடைக்காரரின் தராசு காட்டும் எண்ணும் என் கல்லின் எடையும் ஒன்றுதானா என்று பார்ப்பேன். இருபது வருடமாக இதைச் செய்பவனுக்கு எந்த எண்ணையும் முதல் பார்வையில் நம்பாத பழக்கம் வந்துவிடுகிறது. அந்தப் பழக்கத்தை வீட்டுக்குக் கொண்டுபோனபோது, சந்தேகப்பட வேண்டியது எதை, யாரை என்று எனக்குக் குழம்பிவிட்டது.

மகளுக்குப் பதினாறு வயது. பள்ளி அணியில் நானூறு மீட்டர் ஓடுபவள். போன ஆண்டு ஒரு காய்ச்சல் முழுதாக ஆறும் முன்பே பயிற்சிக்குப் போய், மைதானத்தில் மயங்கி விழுந்தாள். இதயத் தசையில் அழற்சி என்றார்கள். நான் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் நெஞ்சில் எட்டுப் பத்து ஒயர்கள் ஒட்டியிருந்தன. கட்டிலுக்கு மேலே ஒரு திரையில் எண் மாறிக்கொண்டே இருந்தது. இரண்டு நாள் நான் அவள் முகத்தைப் பார்த்ததைவிட அந்தத் திரையைப் பார்த்ததுதான் அதிகம். இன்றும் பேருந்தில் யாருடைய கைப்பேசியாவது அந்தத் திரையின் எச்சரிக்கை ஒலியைப்போல் கூவினால் என் கண் தானாக மேலே திரையைத் தேடும்.

ஐந்து மாதம் எந்தப் பயிற்சியும் இல்லை. பிறகு ஸ்கேன் எடுத்துப் பார்த்து, இதயம் ஆறிவிட்டது என்றார் மருத்துவர். "முதல் மூன்று வாரம் நடக்கட்டும், அடுத்த மூன்று வாரம் மெதுவாக ஓடட்டும். துடிப்பு நிமிடத்துக்கு நூற்று நாற்பதைத் தாண்டக் கூடாது. ஆறு வாரம் கழித்துப் பார்த்துவிட்டு அணிக்குத் திரும்பலாமா என்று சொல்கிறேன். துடிப்பை அளக்க ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள்."

"எதை வாங்கலாம்?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு எது வசதியோ அது."

அந்தப் பதிலே எனக்குப் பிடிக்கவில்லை. எது வசதியோ அந்தத் தராசு என்று என் தொழிலில் யாரும் சொல்வதில்லை.

சிராங்கூன் ரோட்டில் வேலை முடிந்த ஒரு மதியம், பக்கத்தில் இருந்த ஒரு பெரிய கடையின் மின்சாதனப் பிரிவுக்குப் போனேன். அங்கே நின்ற விற்பனையாளர் என் வயதுப் பெண்மணி, இங்கேயே பிறந்து வளர்ந்த பேச்சு. கைக்கடிகாரம்போல் கட்டுவதில் மூன்றை எடுத்துத் தரச் சொன்னேன். இடது கையில் இரண்டு, வலது கையில் ஒன்று கட்டிக்கொண்டு, அவர் பதறப் பதற மாடிப்படியில் இரண்டு தளம் ஏறி இறங்கினேன். மூச்சு வாங்க நின்று கழுத்தில் விரலை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கினேன். நூற்று இருபது வந்தது. மூன்று கடிகாரங்களும் அதற்கு இப்படியும் அப்படியுமாக மூன்று வெவ்வேறு எண்களைக் காட்டின.

"சார், வாட்ச் வாங்க வந்தீங்களா, இல்ல அதுக்கு இன்டர்வியூ வைக்க வந்தீங்களா?"

"மூணும் மூணு நம்பர் காட்டுது."

"நீங்க ஏன் மூணு கட்டுறீங்க? ஒண்ணு கட்டினா ஒரு நம்பர்தான் காட்டும்."

நான் விடவில்லை. பின்பக்கத்தில் எரியும் பச்சை வெளிச்சம் தோலுக்குள் போய் ரத்த ஓட்டத்தைப் பார்க்கிறது, கறுத்த தோலில் அது தடுமாறலாம் என்று எங்கோ படித்திருந்தேன். அதைக் கேட்டதும் அவர் தன் கையை மேசைமேல் நீட்டினார். என் கையைவிடக் கறுப்பு.

"ரெண்டு வருசமா கட்டுறேன். நல்லாத்தான் காட்டுது. சந்தேகம்னா நெஞ்சுல கட்டுற பெல்ட் வாங்குங்க, அதுதான் இன்னும் சரியா இருக்கும். யாருக்கு, உங்களுக்கா?"

"மகளுக்கு."

"மக எங்க?"

"ஸ்கூல்ல."

"அப்ப அவங்க கைய கூட்டிட்டு வாங்க லா. உங்க கையில பார்த்து என்னா செய்றது?"

பெல்ட் விற்காமல் தேங்கியிருக்கும், அதனால்தான் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் மகளுக்கு அதைப் படமெடுத்து அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "நெஞ்சுல எதுவும் வேணாம்ப்பா. ஹாஸ்பிட்டல்ல ஒட்டினது போதும்." மூன்றில் என் கழுத்து எண்ணுக்கு மிக நெருக்கமாக இருந்த கடிகாரத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். அவள் கைப்பேசிக்குப் போகும் எண்கள் என் கைப்பேசிக்கும் வருமாறு இணைக்கச் சொன்னேன். அவள் இணைத்துக் கொடுத்தாள்.

முதல் மூன்று வாரம் நடை. நூற்றுப் பத்து, நூற்றுப் பன்னிரண்டு. மார்சிலிங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் பின்னால் ஒரு பூங்கா இருக்கிறது. அவள் அங்கே நடக்க, நான் எங்கோ ஒரு கடையில் தராசின் முன்னால் நின்றபடி கைப்பேசியைப் பார்ப்பேன். செவ்வாயும் வியாழனும் பள்ளி மைதானத்துக்குப் போய் வந்தாள். ஓடுவதற்கு இல்லை, தோழிகள் ஓடும்போது ஸ்டாப்வாட்ச் பிடித்து நேரம் குறிக்கப் பயிற்றுநர் அனுமதித்திருந்தார். அந்த இரண்டு நாளும் வீட்டில் அவள் குரல் கொஞ்சம் உயர்ந்து கேட்கும்.

நான்காவது வாரம் ஓடத் தொடங்க வேண்டும். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை என் மனைவி அவளைக் கோவிலுக்கு அழைத்துப் போய் அர்ச்சனை செய்து, கையில் கயிறு கட்டிக் கூட்டிவந்தாள். நானும் கூடப் போயிருந்தேன்.

திங்கட்கிழமை மாலை என் கைப்பேசியில் வந்த எண் நூற்று அறுபத்தெட்டு.

நான் அப்போது ரயிலில் இருந்தேன். இறங்கி வீட்டுக்கு ஓடினேன் என்றே சொல்ல வேண்டும். அவள் சோபாவில் கால் நீட்டி மைலோ குடித்துக்கொண்டிருந்தாள்.

"எவ்ளோ வேகமா ஓடின?"

"மெதுவாத்தான்ப்பா. ஒரு ஆன்ட்டி பேபி ஸ்ட்ராலர் தள்ளிக்கிட்டு என்ன ஓவர்டேக் பண்ணாங்க."

செவ்வாய் நூற்று அறுபத்தேழு. புதன் மறுபடியும் நூற்று அறுபத்தெட்டு.

"நூத்தி நாப்பதுன்னா நூத்தி நாப்பதுதான்," என்றேன். "உனக்கு விளையாட்டா இருக்கா?"

"வாட்ச்தான் தப்பா காட்டுது."

"வாட்ச நான் செக் பண்ணித்தான் வாங்கினேன்."

"ஆமா, வாட்ச நம்புங்க. ஹண்ட்ரட் பெர்சன்ட் நம்புங்க. நான் சொல்றத மட்டும் நம்பாதீங்க."

பயந்தவனுக்குக் கோபம் எளிதாக வருகிறது. அவள் அணியில் தன் இடத்தைப் பிடிக்க ரகசியமாகப் பயிற்சி எடுக்கிறாள் என்று முடிவு செய்துவிட்டேன். முதல் தடவையும் அப்படித்தானே, காய்ச்சல் விட்டுவிட்டது என்று எங்களிடம் சொல்லிவிட்டுப் போனவள்தானே. மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் பயிற்றுநரைக் கைப்பேசியில் அழைத்து, மகள் மருத்துவர் சொன்ன எல்லையை மீறுகிறாள் என்று சொன்னேன். எண்களையும் அனுப்பினேன். அவர் நன்றி சொன்னார். பரிசோதனை முடியும்வரை அவள் மைதானத்துக்கே வர வேண்டாம், பார்த்துக்கொண்டு நின்றால் ஓடத்தான் தோன்றும் என்றார். சரியான முடிவு என்று எனக்கும் பட்டது.

அன்று மாலை மகள் தன் அறை வாசலில் நின்று கேட்டாள்: "கோச்கிட்ட நீங்களா சொன்னீங்க?"

"உன் நல்லதுக்குத்தான்."

கதவு சாத்தப்படவில்லை. சாத்தியிருந்தால்கூடத் தேவலை. திறந்த கதவுக்கு உள்ளே, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள்.

மருத்துவரிடம் போக இன்னும் இரண்டு வாரம் இருந்தது. இந்த எண்களைக் காட்டினால் இன்னும் மூன்று மாதம் ஓடக் கூடாது என்று சொல்லிவிடுவார். காட்டாமல் மறைத்தால் மறுபடியும் அந்த ஒயர்கள். இரண்டில் எதையும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நேரில் பிடித்துவிடுவது என்று, வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவளுக்குத் தெரியாமல் பூங்காவுக்குப் போனேன். உடற்பயிற்சிக் கருவிகள் இருக்கும் மூலையில், பெடல் மிதித்துக்கொண்டிருந்த ஒரு சீன முதியவருக்குப் பின்னால் நின்றேன். பெற்ற பெண்ணை ஒளிந்து பார்க்கும் தகப்பன் எப்படி இருப்பானோ அப்படித்தான் இருந்திருப்பேன். முதியவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

அவள் வந்தாள். ஓடினாள். அதை ஓட்டம் என்று சொல்லவும் கூசும். பேருந்தைப் பிடிக்க நான் போகும் வேகம்கூட இல்லை. குட்டிக் குட்டி அடியாக, தோள் தளர்ந்து, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போனாள். நூற்று அறுபத்தெட்டில் துடிக்கும் இதயத்தோடு யாராலும் பாட முடியாது. கைப்பேசியைப் பார்த்தேன். நூற்று அறுபத்தெட்டு என்றது.

என்ன செய்வதென்று தெரியாமல் எண்ணத் தொடங்கினேன். எண்ணுவதற்கு வேறொன்றும் இல்லாததால் அவள் காலடிகளை எண்ணினேன். பதினைந்து விநாடியில் நாற்பத்திரண்டு. நான்கால் பெருக்கினேன். நூற்று அறுபத்தெட்டு. சந்தேகமாக இருந்தது, அடுத்த சுற்றிலும் எண்ணினேன். நாற்பத்திரண்டு.

கடிகாரம் அவள் இதயத்தை எண்ணவில்லை. கால்களை எண்ணிக்கொண்டிருந்தது. நடந்த நாட்களில் அடிக்கணக்கும் துடிப்பும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்திருக்கும்; அப்போது அது எதை எண்ணியது என்றுகூட எனக்குத் தெரியாது. மூன்று நாளும் எண் அசையாமல் நின்றதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உயிருள்ள எதுவும் அப்படி நிற்காது.

பாதையில் இறங்கிப் போய் நின்றேன். அவள் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"எவ்ளோ நேரமா இங்க நிக்கிறீங்க?"

"கழுத்தக் காட்டு."

"பின்னாடியே வர்றீங்களாப்பா? சீரியஸ்லி?"

"திட்டு, பரவாயில்ல. முதல்ல கழுத்தக் காட்டு."

பதினைந்து விநாடியில் முப்பத்திரண்டு. நூற்று இருபத்தெட்டு. பிறகு அவள் இடது கையைத் தூக்கிப் பார்த்தேன். கடிகாரத்தின் அடியில் கோவில் கயிறு. மஞ்சளும் சிவப்புமாக நாலைந்து இழை, மணிக்கட்டின் நடுவில் பெரிய முடிச்சு. பெண்பிள்ளை என்பதால் இடது கையில் கட்டியிருந்தார்கள். கடிகாரமும் இடது கையில்தான் கட்டுவாள். முடிச்சின்மேல் ஏறி உட்கார்ந்த கடிகாரம் நான் கையை அசைத்ததும் ஆடியது; ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் அப்படித்தான் ஆடியிருக்கும். ஆடும்போது அடியிலிருந்து பச்சை வெளிச்சம் வெளியே கசிந்தது. எந்தக் கடைக்குப் போனாலும் நான் முதலில் செய்வது தராசுத் தட்டைத் தூக்கி அடியில் ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று பார்ப்பது. அதற்குப் பிறகுதான் கல்லை வைப்பேன். அன்று கோவிலில் அர்ச்சகர் கயிறு கட்டும்போது அவள் கடிகாரத்தைக் கழற்றி என் கையில்தான் கொடுத்திருந்தாள். கட்டி முடிந்ததும் திருப்பிக் கொடுத்தவன் நான்.

"கயித்த எடுத்துடலாமா?" என்று கேட்டேன்.

"அம்மா அழுவாங்க. வாட்ச அந்தக் கையில கட்டுறேன்."

வலது கைக்கு மாற்றி இன்னொரு சுற்று ஓடினாள். நூற்று முப்பத்தொன்று என்றது கடிகாரம். கழுத்து நூற்று முப்பத்திரண்டு என்றது.

வீட்டில் மனைவிக்குச் சொன்னபோது அவள் இடுப்பில் கைவைத்தாள். "அப்ப என் கயித்துமேலதான் பழியா?"

"கயித்துமேல இல்ல."

"வாட்ச் மேலயா?"

"அதுவும் இல்ல."

"அப்ப வேற யாரு?"

மகள் சோற்றிலிருந்து தலையைத் தூக்காமல், "குழம்பு ஊத்துங்கம்மா," என்றாள். அவள் என்னைச் சொல்லிக்காட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பயிற்றுநரை மறுபடி அழைத்தேன். நடந்ததை ஆங்கிலத்தில் விளக்குவதற்குள் வியர்த்துவிட்டது. அவர் கடைசிவரை கேட்டுக்கொண்டார். பிறகு, "கடிகாரம்தான் தவறு என்று அவள் என்னிடமும் சொன்னாள்," என்றார். "பெற்றோர் எப்போதும் பிள்ளைக்குச் சாதகமாகத்தான் பேசுவார்கள். நீங்கள் எதிராகப் பேசியதால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டேன்." செவ்வாய்க்கிழமை ஸ்டாப்வாட்ச் பிடிக்க அவள் வரலாம் என்றார். நான் எதிராகப் பேசியதால் நம்பினேன் என்ற அந்த வாக்கியம் இப்போதும் சில காலைகளில், பல் துலக்கும்போது, என் காதில் விழுகிறது.

பரிசோதனை நாளில் மருத்துவர் என் எண்களைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. அவளை ட்ரெட்மில்லில் ஓடவிட்டுத் தங்கள் ஒயர்களிலேயே பார்த்தார். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். அந்த இயந்திரத்தைக் கடைசியாக யார் சோதித்தார்கள், எப்போது என்று கேட்க வாயெடுத்தேன். மனைவி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். முடிவில் அணிக்குத் திரும்பலாம், பயிற்சியைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

ரயிலில் திரும்பி வரும்போது மகள் என்னிடம் கையை நீட்டினாள்.

"உங்க போனக் கொடுங்கப்பா. என் நம்பர் இனிமே உங்களுக்கு வர வேணாம்."

"ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா நான் சொல்வேன். சொன்னா நம்புங்க."

சரி என்று சொல்லவில்லை. கைப்பேசியைக் கொடுத்தேன், அவ்வளவுதான். இரண்டு நிலையம் கடப்பதற்குள் இணைப்பை எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

இப்போது அவள் வாரம் நான்கு நாள் ஓடுகிறாள். பயிற்சி முடிந்து மாலையில் வந்து வாசலில் ஷூ கழற்றும்போது நான் கூடத்தில் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு அவள் மூச்சை எண்ணுகிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. போன வாரம் ஒருநாள் ஒரு ஷூவைக் கழற்றிவிட்டு மற்றதோடு நிமிர்ந்தாள்.

"எத்தன வந்துச்சு?"

"என்னது?"

"சும்மா நடிக்காதீங்க. பேப்பர் தலைகீழா இருக்கு."

தலைகீழாக இல்லை. ஆனால் நான் குனிந்து பார்த்துவிட்டேன். அவள் சிரித்தாள்.

"நடுவுல விட்டுப்போச்சு," என்றேன்.

"அப்ப முதல்லேர்ந்து எண்ணுங்க," என்று சொல்லிவிட்டு, ஒரு காலில் ஷூவோடு, வியர்வை சொட்ட, நான் முடிக்கும்வரை வாசலிலேயே நின்றாள்.