சுவரில் சாய்ந்த தலைகள்

1. திரும்பி வந்த சாம்பிள்

"ரூம் சுத்தமாக வந்திருக்கிறது. ஆனால் இங்கே யாரும் வேலை செய்வதாகத் தெரியவில்லை."

வெளிநாட்டு கம்ப்யூட்டர் கேம் கம்பெனியின் மெயிலில் இருந்தது இவ்வளவுதான். எங்கள் முதலாளி கதிர்வேல் சார் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, சுத்தமா இருக்குதுன்னும் சொல்றாங்க, வேண்டாம்னும் சொல்றாங்க. நம்மூருல பனியன் வாங்க வர்ற பையரே பரவால்லீங்க."

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. திருப்பூரில் ஒரு லேபிள் கடையின் மாடியில் நாங்கள் நாலு பேர் டி-சர்ட் பிரின்ட்டுக்கு டிசைன் போட்டுக்கொண்டிருந்தோம். சாரின் நண்பர் மூலமாக இந்த கேம் வேலை வந்தது. ஒரு பழைய பனியன் கம்பெனிக்குள் சண்டை நடக்கிற கதையாம். ஆட்களையும் துப்பாக்கிகளையும் அவர்களே செய்துகொள்வார்கள். இடத்தை மட்டும் நாங்கள் செய்ய வேண்டும். முதலில் ஒரு ஹால் சாம்பிள்.

டி-சர்ட்டில் நான் எத்தனையோ வீடுகள் வரைந்திருக்கிறேன். எந்த வீட்டுக்கும் பின்பக்கம் கிடையாது. இதில் அப்படியில்லை. அம்புக்குறி கீயை அழுத்தினால் நான் செய்த தூணைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போகலாம். முதல் நாள் அந்தத் தூணையே பத்துத் தடவை சுற்றி வந்தேன். அதற்குப் பிறகு எந்தக் கதவைப் பார்த்தாலும் உள்ளே என்ன இருக்கும் என்று மனசு ஓட ஆரம்பித்தது.

"இன்னொரு தடவை அனுப்பிப் பாப்பமுங்க. அதுவும் ஆகலீன்னா உட்டுருவோம். டி-சர்ட்டே நமக்குப் போதும்" என்றார் சார். திரும்பவும் நெஞ்சில் பூவும் புலியும் வரைந்துகொண்டிருக்க எனக்கு இஷ்டமில்லை.

2. பழக்க தோஷம்

மானிட்டரில் அந்த ஹாலுக்குள் சுற்றிச் சுற்றி வந்தேன். டேபிள், டியூப் லைட், துணி பண்டல், எல்லாம் இருந்தன. என்ன குறை என்று பிடிபடவில்லை.

கடைசியில், ஹாலின் சுவர்களில் ஒட்டுவதற்காக எடுத்திருந்த அசல் போட்டோக்களைத் திறந்து பக்கத்தில் வைத்தேன். அப்போதுதான் புரிந்தது. போட்டோவில் இருந்த கறை, கீறல், கை அழுக்கு அத்தனையையும் நானே அழித்திருக்கிறேன். யாரும் அழிக்கச் சொல்லவில்லை. டிசைனுக்கு வருவதற்கு முன்னால் நான் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள். துணியில் பொட்டு எண்ணெய் தெரிந்தாலும் அந்த பீஸைத் தனியே எடுத்துப் போட்டுவிட வேண்டும். அந்தக் கை சுவரையும் விடவில்லை. செக்கிங்காரி கல்யாண வீட்டுக்குப் போனாலும் பெண்ணின் முகத்தைப் பார்க்க மாட்டாள், சேலையில் கறை தேடுவாள் என்று அம்மா கேலி செய்வது சரிதான்.

3. சாப்பாட்டு நேரம்

மறுநாள் கேமராவை எடுத்துக்கொண்டு, நான் முன்பு வேலை பார்த்த கம்பெனிக்கே போனேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம். மெஷின்கள் நின்றிருந்தன. அத்தனை வருஷம் துணியை மட்டுமே பார்த்த இடத்தில் முதல் தடவையாகச் சுவரைப் பார்த்தேன். சுவிட்சைச் சுற்றிக் கறுப்பு. கதவில் கை வைத்துத் தள்ளுகிற இடத்தில் மட்டும் பெயின்ட் இல்லை. ஜன்னலுக்குக் கீழே, தரையில் உட்கார்ந்தால் தலை வருகிற உயரத்தில், வரிசையாக வட்டம் வட்டமாக எண்ணெய்க் கறை.

அங்கே புஷ்பம் அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாத்தூர்ப் பக்கம். என்னோடு செக்கிங்கில் இருந்தவர்.

"என்னட்டி, ஆளுகள விட்டுட்டுச் செவத்தப் போயிப் படம் புடிக்கிற?"

"இது என்ன கறைக்கா?"

"எங்க தலை எண்ணெய்தான். சாப்புட்டுச் செத்த நேரம் சாய்ஞ்சுக்கிடுவோம்லா. ஆளுக்கு ஒரு எடம்."

"இது மட்டும் மேல இருக்கே?"

"அது எஸ்தரு. ஒசரக்காரி. ஊருக்குப் போயிருக்கா. அவ எடத்துல நாங்க யாரும் உக்கார மாட்டோம்."

எஸ்தரை நான் பார்த்ததே இல்லை. நான் போன பிறகு சேர்ந்தவராம். ஆனாலும் அவர் எவ்வளவு உயரம், எந்த இடத்தில் உட்காருவார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. வேறு யார் யாரைப் பற்றியெல்லாம் தெரிந்துகொள்ளலாம் என்று ஹால் முழுக்கச் சுற்றினேன். சாப்பாட்டு நேரம் முடிந்து பெல் அடித்து, சூப்பர்வைசர் வந்து, "ஏனுங்க, வேலை ஆகோணுமுங்க" என்று நயமாக விரட்டிய பிறகுதான் வெளியே வந்தேன்.

4. மறுபடியும் சாம்பிள்

புதிய போட்டோக்களை ஒட்டி ஹாலைத் திரும்பச் செய்தேன்; இந்தத் தடவை எந்தக் கறையையும் அழிக்கவில்லை. அனுப்புவதற்கு முன்னால் சார் தானே ஓட்டிப் பார்ப்பதாகச் சொல்லி உட்கார்ந்தார். அவருக்கு கேமில் ஆர்வம் கிடையாது. "வெளையாடறவன் செவுத்தையா பாக்கப் போறான்? சுட்டுப்போட்டுப் போயிட்டே இருப்பானுங்க" என்று சொல்லிக்கொண்டேதான் கீயை அழுத்தினார்.

கதவைத் தாண்டினார். டேபிள்களுக்கு நடுவே போனார். ஜன்னல் பக்கம் திரும்பியதும் கீயிலிருந்து கையை எடுத்துவிட்டார். கொஞ்ச நேரம் அந்தக் கறை வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க உக்காந்து சோறு உண்பாங்களாட்ட இருக்குது."

"ஆமா சார்."

"இது ஆருங்க, இவிங்க மட்டும் உசரமா?"

"எஸ்தர்னு ஒருத்தங்க சார்."

இன்னும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தார். பிறகு மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்:

"இன்னிக்கு வரலீங்களா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "ஊருக்குப் போயிருக்காங்க சார்" என்றேன்.

அந்த சாம்பிள் ஓகே ஆனது. கதவுக்கு அந்தப் பக்கமும் செய்யச் சொல்லி ஆர்டர் வந்தது. இன்று என்னிடம் வேலைக்கு வருகிறவர்கள், "ஹீரோ பண்ணத் தராம எங்களுக்கு மட்டும் ஏன் மேடம் செவுரு?" என்று குறைப்பட்டுக்கொள்கிறார்கள். நான் சொல்வது ஒன்றுதான். ஹீரோ வந்துவிட்டுப் போய்விடுவான். அவன் வருவதற்கு முன்னால் அங்கே யார் இருந்தார்கள் என்று பாருங்கள், சுவர் செய்ய உங்களுக்கே ஆசை வரும்.